கார் பற்று

பெரியப்பாவின் மிளகாய் மண்டிப் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. முதுகுளத்தூர்ச் சம்சாரி, கமுதித் தரகு, மதுரைக் கடைக்காரர், லாரி வாடகை என்று போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று 'கார் பற்று' என்று ஒரு தலைப்பு வரும். மற்றவர்களுக்குப் போட்ட அதே பிள்ளையார் சுழி, அதே கட்டம். பற்றுப் பத்தியில் எழுத்து அடைசலாகக் கிடக்கும். வரவுப் பத்தி வெள்ளையாகவே இருக்கும். 1963 தை மாதம் தொடங்கிய கணக்கு அது. ஒரு பேரேடு தீர்ந்தால் அடுத்ததில் தொகையை இறக்கி எழுதித் தொடர்வார். வராத கடனையெல்லாம் சிவப்பு மையில் அடித்துத் தள்ளிவிட்டு அடுத்த சோலியைப் பார்க்கிற மனிதர், இந்த ஒரு கணக்கை மட்டும் தள்ளவே இல்லை.

அவர் போன பிறகு பேரேடுகள் என்னிடம் வந்தன. கார் அவர் மகனிடம், எனக்கு அண்ணன், இராமநாதபுரத்தில் இருக்கிறது. காகிதம் எனக்கு, இரும்பு அண்ணனுக்கு. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்த பாகம் இல்லை. பழைய நோட்டுகளை எடைக்குப் போடப் போனார்கள், நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இன்றைக்கு முப்பது வயதுக்குள் இருக்கிறவர்களிடம் பெயரைச் சொன்னால் ஸ்கூட்டரா என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் 1959 ஏப்ரலில் வெளிவந்த வண்டி. கவன்ட்ரியில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் கம்பெனி செய்தது. உருவம் வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1961-இல் அதை நம் பக்கம், மெட்ராஸுக்குத் தெற்கே வண்டலூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா செய்ய ஆரம்பித்தது. கல்கத்தாப் பக்கம் உத்தரபாராவில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அம்பாசிடர் ஆக்கியிருந்தார்கள். பம்பாயில் ஃபியட். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் கொஞ்ச காலம் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. ஆக அறுபதுகளில் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த கார் என்றால் இதுதான். "பூர்வீகம் சீமை, பொறந்தது வண்டலூர்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெரியப்பா சொல்வார். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணின் குலம் கோத்திரம் சொல்கிற தோரணை இருக்கும்.

மண்டித் தெருவில் மற்றவர்கள் அம்பாசிடர்தான் வாங்கினார்கள். குடும்பம் மொத்தமும் ஏறும், டிக்கியில் மூட்டையும் ஏறும். ஹெரால்டுக்கு அப்போது இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கிக் குனிந்துதான் பின்னால் போக வேண்டும். பெரியம்மா கனத்த உடம்புக்காரி. கல்யாண வீட்டு வாசலில் பட்டுச்சேலையோடு அந்தச் சந்திலிருந்து வெளியே வருவது அவளுக்கு ஒவ்வொரு முறையும் மானப் பிரச்சினை. "நாலு கதவு வண்டி வரட்டும், மாத்திருவோம்" என்று சொல்லி வைத்திருந்தார். 1968 வாக்கில் வண்டலூரிலிருந்து நான்கு கதவு ஹெரால்டும் வந்தது. மாற்றவில்லை.

ஏன் இதை வாங்கினீர்கள் என்று கேட்டால் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: 25 அடி. ஹெரால்ட் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இராமநாதபுரம் அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில், மாட்டுவண்டியும் மூட்டையும் காயப்போட்ட மிளகாயும் அடைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், அம்பாசிடர்க்காரர்கள் முன்னும் பின்னும் எடுத்து வியர்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒரே ஒடிப்பில் திருப்பிக்கொண்டு, கையை வெளியே போட்டபடி, அவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போவார். அந்த ஒரு சுகத்துக்காக அடுத்த முப்பது வருஷம் செலவழித்தார் என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் திருப்பத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதை மெக்கானிக் பாய்தான் எனக்குக் காட்டினார்.

கேணிக்கரைப் பக்கம் வேப்பமர நிழலில் அவர் பட்டறை. ஹெரால்டின் பானெட் முன்பக்கமாகச் சாயும். மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து அப்படியே கவிழ்ந்து எஞ்சினும் முன்சக்கரமும் திறந்து கிடக்கும். பாய் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். அம்பாசிடருக்குள் தலையை விட்டு முதுகு வலிக்கிறவருக்கு இந்த வண்டி வந்தால் கொண்டாட்டம். சின்னப் பெண்ணான என்னை எதிர் டயரில் உட்காரவைத்துக் கையில் லைட்டைக் கொடுப்பார். "பாப்பா, இங்க புடி. இங்க. என் மூஞ்சியில இல்ல."

முன்சக்கரம் திரும்புகிற இடத்தில், அடியில், மஞ்சள் உலோகத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பாகம் இருக்கிறது. டிரன்னியன். மேலேயிருந்து வரும் இரும்புத் தண்டின் கீழ்முனை மரையாக அதற்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த 25 அடித் திருப்பத்தின் பாரம் முழுக்க அந்த மரையில்தான். இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் கெட்டி. மரையின் அடிவரை போகாமல் மேலேயே அடைத்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் நிற்கும், தண்டு உள்ளுக்குள்ளேயே துருவேறும். ஒருநாள் திருப்பத்தில் ஒடிந்து சக்கரம் படுத்துவிடும். ஊரில் பல ஹெரால்டுகள் இப்படித்தான் முடிந்தன. டிரைவர் நல்லெண்ணத்தில் கிரீஸ் அடித்துக் கொன்றவை.

பாய் இதற்கென்றே ஒரு கிரீஸ் கன்னில் ஆயில் நிரப்பி, அதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டித் தனியாக ஆணியில் தொங்கவிட்டிருந்தார். பையன்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, நிப்பிளைத் துடைத்து, அழுத்துவார். முதலில் கறுப்பாகக் கசியும். பிறகு பழுப்பு. தேன் நிறத்துக்கு வந்ததும் துணியால் துடைத்து, "போதும்" என்பார், டிரன்னியனிடம். பேரேட்டில் மாதாமாதம் 'டி. ஆயில்' என்று ஒரு வரி வருகிறது. தொகை அணாக்கணக்கில் இல்லாமல் நயா பைசாவில் தொடங்கி ரூபாயில் ஏறுகிறது. அந்த ஒரு வரி விட்டுப்போன மாதம் இல்லை. தீபாவளி போனஸ் எழுதுவதை ஒரு வருஷம் மறந்திருக்கிறார், இதை மறக்கவில்லை.

இங்கே துரு என்பது சாதாரண விஷயம் இல்லை. உச்சிப்புளி தாண்டிவிட்டால் நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று ஒரு கடலின் உப்பைக் கொண்டுவரும், கச்சானும் சோழகமும் மற்றதன் உப்பைக் கொண்டுவரும். உப்பு படாத மாதம் என்று ஒன்று கிடையாது. வாலிநோக்கத்தில் அரசாங்கமே உப்பு விளைவிக்கிறது. காற்று தன் பங்குக்கு வீட்டு ஜன்னல் கம்பியில் விளைவிக்கிறது. உப்புப் பொடி தனியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அது ராத்திரிப் பனியை உறிஞ்சித் தகரத்தின் மேல் ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். காலையில் வெயில் வந்து உலர்த்துகிறது என்று நாம் நினைக்கிறோம். பாடியின் உள்மடிப்பில் வெயில் போவதில்லை.

ஹெரால்டுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டமும் ஒரு தனி நன்மையும் உண்டு. ஐம்பதுகளின் கடைசியில் மற்ற கார்கள் பெரும்பாலும் பாடியும் சேஸியும் ஒன்றாகச் செய்யப்பட்ட காலம். இதற்கு லாரி மாதிரி தனிச் சேஸி. வேண்டுமென்று செய்ததல்ல. ஸ்டாண்டர்ட்-டிரையம்புக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக்காரர்களான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டார்கள். முழு பாடியை அடித்துத் தர ஆள் இல்லை. அதனால் துண்டு துண்டாகச் செய்து சேஸி மேல் போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி வடிவமைத்தார்கள். சீமையில் யாரோ கம்பெனி வாங்கிய கதையால் இராமநாதபுரத்தில் பாய்க்கு வேலை சுலபமாயிற்று. துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி, தகரத்தில் அதே மாதிரி அடித்து, திரும்ப முடுக்கிவிடலாம். கஷ்டம் என்னவென்றால் சேஸி பெட்டி மாதிரி மூடியது. உள்ளே போன உப்பு வெளியே வராது. பக்கவாட்டில் நீளும் கைகள் முதலில் போகும். மேலே பெயிண்ட் பளபளக்கும். அடியில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் 'டொப்' என்று உள்ளே போகும்.

அதற்குப் பாய் செய்த வைத்தியம் எந்த சர்வீஸ் புத்தகத்திலும் இல்லாதது. வத்தைக்காரர்கள் படகின் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெய். பாம்பன் பக்கமிருந்து தகரத்தில் வாங்கிவந்து, பழைய எஞ்சின் ஆயிலோடு கலந்து, சேஸியின் ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சிவிடுவார். இரண்டு நாள் வண்டி ஒழுகிக்கொண்டே நிற்கும். பிறகு ஒரு மாதம் நாறும். தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் காருக்கடியில்தான் குடும்பம் நடத்தும். பெரியம்மா அந்த மாதம் எந்த விசேஷத்துக்கும் காரில் வர மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். ஆனால் இரும்பு நின்றது. 'மீ.எண்ணெய்' என்று வருஷத்துக்கொரு வரி பேரேட்டில் இருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன்னால்.

கழுவுவது இன்னொரு சண்டை. இராமநாதபுரத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதில் காரைக் கழுவுவதும் கடலில் முக்கி எடுப்பதும் ஏறக்குறைய ஒன்று. ஊரணித் தண்ணீர் குடிக்க, சமைக்க. பெரியப்பா அதில் இரண்டு குடத்தைக் காருக்கு ஒதுக்கச் சொல்வார். "மனுசங் குடிக்கத் தண்ணியில்ல, தகரத்துக்குக் குளிப்பாட்டா?" என்று பெரியம்மா கேட்பாள். கேட்டாலும் குடத்தை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தது. அப்போது காரைக்குடியும் பழைய இராமநாதபுரம் ஜில்லாவுக்குள்தான். 1985-இல்தான் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். அந்த ஆய்வகத்துக்காரர்கள் உலோக அரிப்பைச் சோதிக்கத் தேர்ந்த இடங்களில் ஒன்று மண்டபம். சின்னச் சின்ன உலோகத் தகடுகளை எண் குத்தி, எடை போட்டு, கடலைப் பார்த்தபடி சட்டத்தில் மாட்டிவிடுவார்கள். மாதம், வருஷம் கழித்துக் கழற்றி, துருவைச் சுத்தம் செய்து, திரும்ப எடை போடுவார்கள். குறைந்த எடை எவ்வளவோ அவ்வளவு காற்று தின்றது. எங்கள் உறவுக்காரர் ஒருவர் இதைப் பெரியப்பாவிடம் விளக்கிச் சொன்னார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நானும் இதத்தான எழுதிக்கிட்டு இருக்கேன். அவுங்க கிராமுல எழுதுறாங்க, நான் ரூவாயில எழுதுறேன்" என்றார்.

பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதாமல் இந்தக் காரைப் பற்றி எழுத முடியாது. இப்போது இராமேஸ்வரத்துக்குக் காரில் போகிறவர்கள் பாலத்தின் நடுவில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சாலைப் பாலம் ராஜீவ் காந்தி திறந்துவைத்தது, 1988 அக்டோபர் 2. அதற்கு முன்னால் தீவுக்குச் சாலை கிடையாது. 1914 பிப்ரவரியில் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான். கார் வைத்திருப்பவர்கள் மண்டபத்தில் தெரிந்தவர் வீட்டு வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். காரையும் கொண்டுபோயே தீர வேண்டும் என்றால் அதையும் ரயிலில்தான், திறந்த வேகனில் ஏற்ற வேண்டும்.

பெரியப்பா ஏற்றினார். எழுபதுகளில் ஓர் ஆடி அமாவாசைக்கு. அப்பத்தாவுக்கு நடக்க முடியாது. குதிரை வண்டியில் ஏறமாட்டேன் என்று பிடிவாதம். "எம் மகன் காருல போயித்தான் அக்கினி தீர்த்தத்துல எறங்குவேன்" என்று சொல்லிவிட்டது. மண்டபத்தில் பலகை போட்டு வேகனில் ஏற்றி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அடித்து, கயிற்றால் கட்டினார்கள். நாங்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தோம். பாலத்தில் ரயில் ஊர்ந்தது. பெரியப்பா ஜன்னல் வழியாக உடம்பில் பாதியை வெளியே விட்டுப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். இராமநாத சுவாமியை நினைத்துக் கும்பிடுகிற இடத்தில் அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பெரியம்மா சாகும்வரை சொன்னாள். பாம்பனில் இறக்கியபோது கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்பத்தா அதைக் கையால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்று எங்களுக்கு அறிவித்தது. அன்றைய பக்கத்தில் 'வேகன் வகை' என்று ஒரு பெரிய தொகை. அடுத்த வாரமே 'மீ.எண்ணெய்', பருவம் தப்பி.

அந்தப் பாலத்தின் நடுவில் கப்பலுக்கு வழிவிட்டுத் தூக்கும் பகுதியும் சீமை இரும்புதான். ஷெர்சர் என்ற அமெரிக்கரின் முறை. செய்தது டீஸ் ஆற்றங்கரையில் தார்னபி ஊரின் ஹெட் ரைட்சன் கம்பெனி. ஆட்கள் நின்று நெம்புகோலைத் தள்ளித்தான் அதைத் தூக்கினார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது, பாசஞ்சர் ரயிலை ஆட்களோடு எடுத்துக்கொண்டது, பாலத்தின் கர்டர்களை உருவி எறிந்தது. ஷெர்சர் பகுதி நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியர், பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் வாங்கியவர், 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார். பேரேட்டில் புயல் அடித்த வாரம் 'மண்டபம் நடை, பெட்ரோல்' என்று தினமும் ஒரு வரி. மண்டியிலிருந்து அரிசி, துணி கொண்டுபோனது. யாரை ஏற்றி வந்தார், என்ன பார்த்தார் என்று ஒரு சொல் இல்லை. கடைசி வரி 'சீட் உறை புதுசு'. நான் கேட்டபோதும் சொன்னதில்லை.

அந்தப் புயலுக்குப் பிறகு ரயில் தனுஷ்கோடிக்குப் போகவில்லை. காரும் போகவில்லை, வெகுகாலம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபோது அண்ணன் அதில் ஹெரால்டை ஓட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் சூடேறி நின்றுவிட்டது. சுற்றுலா வந்த பையன்கள் இறங்கித் தள்ளினார்கள், செல்போனில் படமும் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் வண்டி நின்றால் தள்ளுவது நாங்கள், பிள்ளைகள். முணுமுணுத்தால் பெரியப்பா 1897-க்குப் போய்விடுவார். விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியபோது குதிரையை அவிழ்த்துவிட்டு வண்டியை ஜனங்கள் இழுத்தார்கள், பாஸ்கர சேதுபதி ராஜாவும் கைபோட்டார். "ராசாவே இழுத்த ஊருடா இது. நீங்க தள்ளுனா என்ன கொறஞ்சு போகும்?"

சீமையில் ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கெய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குக் காரின் எண்ணை எழுதி அனுப்பிப் பணம் கட்டினால், பழைய ஆலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். எந்த நாளில் செய்தது, என்ன நிறம், எந்த ஊருக்கு அனுப்பியது என்று. அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நம் வண்டலூர் ஆலை 1985-இல் ரோவர் கூட்டில் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரை விட்டுப் பார்த்து, அது விலைபோகாமல், எண்பதுகளின் கடைசியோடு படுத்துவிட்டது. அங்கே மிஞ்சிக் கிடந்த ரோவர் உதிரிபாகங்களை இங்கிலாந்து வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார்கள். வண்டலூரில் கிடந்தது அங்கே பல ரோவர்களை ஓடவைத்திருக்கும். இங்கே அண்ணனோ ஹெரால்டின் ஒரு ரப்பர் புஷ்ஷுக்காகச் சென்னைப் புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைந்துவிட்டு, கடைசியில் அதை லண்டனில் இருக்கும் மருமகனிடம் வாங்கிவரச் சொல்லுவார்.

எங்களுக்குச் சான்றிதழ் தருவதற்கு ஆலை இல்லை. ஆர்.சி. புக் இருக்கிறது, 'எம்' எழுத்தில் தொடங்கும் மெட்ராஸ் மாநில எண்ணோடு. நிறம் என்ற இடத்தில் 'நீலம்' என்று மட்டும் போட்டிருக்கிறது. என்ன நீலம்? அண்ணன் ஒருமுறை பழைய நிறத்துக்கே கொண்டுவர வேண்டும் என்று கிளம்பினார். டேஷ்போர்டு அடியில் சுரண்டிப் பார்த்தால் வெளிர்நீலம், வெளியே கருநீலம். நான் பேரேட்டைப் புரட்டினேன். 1971-இல் இருந்தது: 'பெயிண்ட். ஆகாசக் கலர் சரக்கு இல்லை. பாய் கருநீலம் அடித்தார். பரவாயில்லை.' அந்தப் 'பரவாயில்லை' எதற்காகக் கணக்கில் ஏறியது என்று தெரியாது, தொகையும் அதற்கு இல்லை. ஆனால் நான் அண்ணனிடம் கருநீலத்தையே விட்டுவிடச் சொன்னேன். ஆலை அடித்த நிறம் எட்டு வருஷம் இருந்தது. பாய் அடித்தது ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. பழைய கார்க்காரர்கள் 'ஒரிஜினல்' என்று தவம் கிடப்பது எனக்கு ஒட்டுவதில்லை. எங்கள் காரில் கதவின் கீழ்ப்பாதி கீழக்கரைத் தகரம், சேஸியின் வலக்கை பரமக்குடி வெல்டிங், டைனமோவின் ஆர்மேச்சர் எத்தனை தடவை கட்டியது என்று பாய்க்கே கணக்கில்லை. எஞ்சின் பிளாக்கும் 948 சி.சி. என்ற எண்ணும்தான் வந்தபடி இருக்கின்றன. உள்ளே ரீபோர் ஆகி அதுவும் சரியாக 948 இல்லை.

அண்ணனுக்கும் அரசாங்கத்துக்கும் நடக்கிற கதை வேறு. தனியார் காருக்குப் பதினைந்து வருஷம் பதிவு, பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022-இல் அந்தக் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ஆக்கினார்கள். அதற்கு முந்தைய வருஷம் இன்னொரு விதி வந்தது: ஐம்பது வயது தாண்டிய, பெரிய மாற்றங்கள் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிகிற வண்டியின் எண்ணில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஒரு நிபந்தனை, அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க. அவ்வளவுதான்.

சென்னைக்காரர்களுக்கு, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது சரியான விதி. மூடிய கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். எங்கள் கரையில் நிற்கிற கார் செத்த கார். ஓடினால் எஞ்சின் சூட்டில் ஈரம் போகும், பிரேக் டிரம் தேய்ந்து பளபளப்பாகும், டிரன்னியனில் ஆயில் ஏறி இறங்கும். ஒரு வாடைப் பருவம் நிறுத்தி வைத்துப் பாருங்கள். கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்ளும், ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போனால் சக்கரம் சுழலாது. அண்ணன் தினமும் காலையில் காய்கறி வாங்க அதில் போகிறார். அது கண்காட்சியா, ஆராய்ச்சியா என்று யாராவது கேட்டால் பழுது பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யில்லை. ஆனாலும் அவர் விண்டேஜ் என்று பதியவில்லை.  கத்தரிக்காய்தான் காரணம்.

மெக்கானிக் பாய் இப்போது இல்லை. அவர் மகன் பட்டறையைப் பார்க்கிறார். பெரும்பாலும் டாக்ஸி, டெம்போ. சிவப்புத் துணி கட்டிய கன் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. துணி மட்டும் மாறியிருக்கிறது. 2025 சித்திரையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது வண்டி அங்கேதான் நின்றது, சேஸியின் இடக்கை போய்விட்டது என்று. அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குச் சற்று முன்புதான் புதுப் பாம்பன் ரயில் பாலம் திறந்திருந்தார்கள், நடுவில் லிஃப்ட் மாதிரி நேராகத் தூக்குவது. 1914 பாலத்தின் ஷெர்சர் பகுதியில் 2018 டிசம்பரில் விரிசல் கண்டு, ஏறக்குறைய மூன்று மாதம் ரயிலை நிறுத்தி, தேற்றி ஓட்டி, 2022 டிசம்பரில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலத்துக்கு உப்புக் காற்று தாங்குவதற்காக பாலிசிலாக்சேன் என்ற பூச்சு அடித்திருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. அண்ணன் அந்தத் துண்டைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"இத நம்ம சேஸிக்கு அடிச்சா என்னப்பா?"

பாய் மகன் காருக்கடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "அது பாலத்துக்குண்ணே. மணலடிச்சு இரும்ப வெள்ளையா ஆக்கிட்டுத்தான் அடிப்பாங்க. நம்ம சேஸியில மணலடிச்சா சேஸி இருக்காது."

"உள்பக்கம்?"

"உள்பக்கம் எங்கிட்டு போயி அடிக்கிறது? அதுக்கு அத்தா ஊத்துனதுதான்."

"நாறுதுன்னு இவ திட்டுறாளே." அண்ணி வரவில்லை, என்னைத்தான் காட்டினார்.

"நாறட்டும்ணே. ரெண்டு நாள் இங்கயே நிக்கட்டும், ஒழுகுனதும் கொண்டாந்து விடுறேன்." உள்ளே போன தலை திரும்ப வெளியே வந்தது. "ஆனா அந்தப் பெயிண்டு லிட்டர் என்ன வெலைன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."